மணவறைக் காற்று

"மேல ஃபேனை நிறுத்துங்கோ, அக்னி நிக்க மாட்டேங்கறது" என்று ஐயர் குரல் கொடுத்ததும் யாரோ ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார்கள். மணவறைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறி மனசில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. திலகவதி அதைப் பார்த்தாள், பார்த்ததோடு சரி, ஏனென்றால் அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு உடம்புக்குள் சூடு கிளம்பியது. நெஞ்சில் பற்றி, கழுத்தில் ஏறி, காதுமடல் இரண்டும் கொதித்து, பொட்டுக்குக் கீழே வேர்வை துளிர்த்து, இதோ வந்துவிட்டது, இல்லை, இது அது இல்லை, மண்டபம்தான் சுடுகிறதோ, மண்டபமாக இருந்தால் என்ன செய்வது. ஒரு வருஷமாக இந்தப் பாடுதான். மாதவிலக்கு நிற்கிற வயசில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டாள். சிரிக்கலாம், டாக்டரம்மாவுக்கென்ன, அவள் தொழிலுக்கு அவள் உடம்பு வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டிடத்துக்குள் உட்காருகிறவர்களுக்குச் சூடாக இருக்குமா குளிராக இருக்குமா என்று கட்டிடம் எழும்புவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் திலகவதிக்குப் பிழைப்பு. சமையல்காரிக்கு நாக்கு மரத்துப்போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. முன்பெல்லாம் ஒரு அறைக்குள் காலை வைத்ததுமே சொல்லிவிடுவாள். இப்போது எந்தச் சூடு வெளியே இருப்பது, எந்தச் சூடு தன்னுடையது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. அதுவும் இன்றைக்கா. வைகாசி முகூர்த்தம், கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை, சங்கரன்கோவிலில் ஓர் இலை அசையக் காணோம். ஏ.சி. இல்லாமலே இருக்கலாம் என்று அவள் அடித்துச் சொல்லிக் கட்டவைத்த மண்டபம், அதில் நடக்கிற முதல் கல்யாணம், அதுவும் மண்டபத்துக்காரர் ஆவுடையப்பனின் சொந்த மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சென்னை. ஏ.சி. மண்டபம்தான் வேண்டும் என்று கேட்டவர்களிடம், எங்க மேடம் கணக்குப் போட்டிருக்காங்க, நீங்க வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க என்று ஆவுடையப்பன் அவளுடைய வாக்கை நம்பி வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் இப்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதல் வரிசையில், பட்டும் கோட்டுமாக.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் அதை மனசுக்குள் மறுபடி ஓட்டினாள், பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளை விடையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைப் போல. காற்றின் சூடு, சுவரிலிருந்து வருகிற சூடு, காற்றின் ஈரம், காற்றின் ஓட்டம், ஆட்கள் உடுத்தியிருப்பது, ஆட்கள் செய்துகொண்டிருப்பது, இந்த ஆறையும் போட்டால் ஏழு படியில் ஒரு படி விடையாக வரும். நடுவில் பூஜ்யம், அது சுகம். அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று சூடு, கீழே அதே மாதிரி குளிர். இந்த மண்டபத்துக்கு வந்த விடை ஒன்றுக்கும் கீழே. லேசான வெக்கை, தாங்கலாம். கனமான சுவர், உயரமான கூரை, கூரையில் சூடு வெளியேற வாய், மெதுவாகச் சுற்றுகிற பெரிய பெரிய விசிறிகள். சூடு கொஞ்சம் இருந்தாலும் காற்று மேலே பட்டுக்கொண்டிருந்தால் உடம்பு ஒன்றும் சொல்லாது, காற்றுத்தான் இதில் எல்லாம். பட்டுச்சேலைக்குத் தனியாகக் கனம் சேர்த்தாளா, சேர்த்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிற உடம்பு என்று சேர்த்தாளா, அதையும் சேர்த்தாள். பின்னே என்ன. அந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு, எவ்வளவு கச்சிதமாகக் கட்டினாலும் நூற்றுக்கு ஐந்து பேர் சரியில்லை என்றுதான் சொல்வார்கள், அந்த ஐந்து பேரை யாராலும் திருப்திப்படுத்த முடியாது என்று கணக்கே ஒத்துக்கொள்கிறது. அந்த ஐந்து பேரும் என் சொந்தக்காரர்கள்தான் என்று அவள் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்கவைப்பாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் விசிறியை முழு வேகத்தில் வைப்பாள், அவள் கணவர் குற்றாலிங்கம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஆயிரம் பேருக்கு ஒத்துவர்ற சூட்டைக் கண்டுபிடிக்கியாம், கட்டுன புருசனுக்கு ஒத்துவர்றது தெரியலயே உனக்கு" என்பார். போன மாசம் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. கோபமெல்லாம் இல்லை, குளிர்தான் என்றார். குளிர்தானா. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், வேர்வை முதுகில் இறங்கிப் போகிறது, ரவிக்கை ஒட்டுகிறது, யாராவது பார்த்தால் மண்டபம் கட்டினவளுக்கே வேர்க்கிறது என்பார்கள். கைக்குட்டையை எடுத்தாள், எடுத்த வேகத்தில் உள்ளே வைத்தாள். துடைத்தால் தெரிந்துவிடும்.

மற்றவர்களைப் பார், அவர்கள் உடம்பு பொய் சொல்லாது. அவள் பார்த்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றியவர் எவராவது உண்டா. முன்வரிசைக் கோட்டுக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், அது வெக்கையாலா, கழுத்து பெருத்ததாலா. ஒரு குழந்தை அழுதது, பசியாக இருக்கலாம். இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண் கல்யாணப் பத்திரிகையை மடித்து வீசிக்கொண்டாள், போச்சு, போச்சு, இல்லை, ஈ விரட்டுகிறாள். பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பட்டில் ஒரு பெரியம்மா, பெண்ணுக்கு அத்தை முறையாம், வந்ததும் அறிமுகம் செய்துகொண்டவள். அவளிடம் திலகவதி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்: "என்ன, வெக்கையா இருக்கா உங்களுக்கு?" பெரியம்மா காதோரம் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே, "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு, கல்யாண வீடுன்னா அப்படித்தான இருக்கும்" என்றாள். பரவாயில்லை. இந்த ஒரு சொல்லோடுதான் அவள் இத்தனை வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். மண்டபம் வரைகிறதற்கு முன்னால் தென்காசியிலும் ராஜபாளையத்திலும் கல்யாணம் கல்யாணமாகப் போய், ஏழு படி அச்சடித்த தாளை நீட்டி, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்த மனுஷன், பெண்ணைப் பெற்றவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுக்கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தார். கூப்பிட்டவர் மனசு நோகக் கூடாது. சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்லமாட்டார்கள், வெக்கையையா சொல்வார்கள். அப்புறம் அவள் புத்திசாலித்தனமாக, ஆட்களைச் சாப்பிட்டு முடித்து வாசலில் செருப்பைத் தேடும்போது பிடித்துக் கேட்டாள், அப்போதுதான் உண்மை வந்தது. உள்ளே இருந்த எல்லாரையும் கேட்டுவிட்டோம் என்று அப்போது அவளுக்கு ஒரே பெருமை.

ஆவுடையப்பன் திரும்பினார். மணவறைக்குப் பக்கத்தில் நின்றவர், மாப்பிள்ளையின் அப்பாவிடம் எதையோ சொல்லி, இருவருமாக மூன்றாவது வரிசையில் இருந்த அவளைப் பார்த்தார்கள். கையை உயர்த்தி, "மேடம், குளுகுளுன்னு இருக்குல்லா?" என்று நாதஸ்வரச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். அவள் தலையை ஆட்டினாள். என்ன ஆட்டு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆமாம் என்றும் இருக்கலாம். சம்பந்தி சிரித்தார், அந்தச் சிரிப்பு எந்தப் படி, பூஜ்யமா, ஒன்றா. போனை எடுத்தாள். மண்டபத்தில் அங்கங்கே தூணோடு தூணாக அவள் மாட்டிவைத்திருந்த கருவிகள் சூட்டையும் காற்றோட்டத்தையும் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. விரல் ஈரமாக இருந்ததால் திரை திறக்க மறுத்தது, சேலையில் துடைத்து மறுபடி அழுத்தினாள். திறந்தது. முன்வரிசை, ஒன்றுக்குக் கீழே. நடுவரிசை, அதைவிடக் குறைவு. பின்வாசல் பக்கம் ஏறத்தாழச் சுகம். எல்லாம் அவள் சொன்னபடியே. அப்போது பார்த்து உடம்புக்குள் கிளம்பின சூடும் வந்த வழியே இறங்கிப் போயிற்று. எப்போதும் அப்படித்தான், ஆட்டிவைத்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோலப் போய்விடும். நனைந்த கழுத்தில் மேலே இருந்து காற்று பட்டது. நல்ல காற்று, அவள் வரைந்த காற்று. பெரியம்மா சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது. மண்டபம் இல்லை, நான்தான், நான்தான் என்று அவள் மூச்சை விட்டாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் தன் வயசை ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஒத்துக்கொண்டு, நிம்மதியாக நிமிர்ந்து, வந்ததிலிருந்து சரியாகப் பார்க்காத மணவறையைப் பார்த்தாள். ஓமப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சாயவில்லை, கலையவில்லை, நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றது. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. புகை நேராக நின்றால் அங்கே காற்று இல்லை. கொஞ்சம்கூட இல்லை. விசிறியை நிறுத்தச் சொன்னார் ஐயர், அவள் காது கேட்டது, கண் பார்த்தது, புத்தி எங்கே போயிற்று. அட, எந்த ஊரில், எந்தக் கல்யாணத்தில், ஓமத்துக்கு நேர் மேலே விசிறியை ஓடவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த சமாசாரம். அவள் கல்யாணத்திலும் நிறுத்தத்தான் செய்தார்கள். மாலைகள் கழுத்தை அழுத்த, முந்தின ராத்திரியிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லாமல், நெருப்பு முகத்தில் அடிக்க, ஐயர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது நினைவிருக்கிறது, அம்மா வந்து மை கலையாமல் ஒற்றிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தான் கேட்கப் போன இடத்திலெல்லாம் கீழே இருந்தவர்களைத்தான் கேட்டாள், மணவறையில் ஏறிப்போய்ப் பெண்ணிடம் தாளை நீட்ட யாருக்குத் தோன்றும். ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டாள். அந்த ஆயிரம் பேரும் யாரைப் பார்க்க வந்தார்களோ அந்த இரண்டு பேருக்குப் போடவில்லை. தூணில் எல்லாம் கருவி மாட்டினாள், பூ அலங்காரத்துக்கு இடைஞ்சல் என்றதும் மணவறையில் மாட்டாமல் விட்டாள். இப்போது போட்டுப் பார்த்தாள், போடாமல் இருக்க முடியவில்லை, கூறைப்பட்டு, மாலை, நகை, பக்கத்தில் நெருப்பு, காற்று பூஜ்யம், பட்டினி. விடை மூன்றைத் தாண்டிப் போனது. மூன்றுக்கு மேல் படி இல்லை. பெண் ரஞ்சனி தலை குனிந்திருந்தாள். வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று ஊரே நினைக்கும். ஆனால் அவள் அம்மா பகவதி கட்டிட வேலை நடந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாளே, "எங்க ரஞ்சனி வெயில்ல நின்னா பொத்துன்னு விழுந்துருவா மேடம், பள்ளிக்கூடத்துல எத்தன வாட்டி தூக்கிட்டு வந்திருக்காவ". சொன்னாள், திலகவதி கேட்டுக்கொண்டாள், கேட்டு என்ன செய்தாள், பகவதி நீட்டின மோரை வாங்கிக் குடித்தாள். விழுந்தால் என்ன ஆகும். தாலி ஏறுவதற்கு முன்னால் மணவறையில் பெண் சாய்ந்தால் சம்பந்தி வீட்டில் வெக்கை என்றா சொல்வார்கள். நோய் என்பார்கள், மறைத்துவிட்டார்கள் என்பார்கள், சகுனம் என்பார்கள். அந்தப் பெண் காலம் முழுக்க அந்தப் பேச்சைச் சுமக்க வேண்டும்.

ரஞ்சனி நிமிர்ந்தாள். கண் கூட்டத்துக்குள் எதையோ தேடி, மூன்றாவது வரிசையில் வந்து நின்றது. மடியில் கிடந்த வலது கையில் மூன்று விரல்கள் நீண்டிருந்தன. மூன்று விரலா. சும்மா அப்படிக் கிடக்கிறதா, மருதாணிக் கை, மோதிரம் உறுத்தினால் அப்படித்தான் விரலை நீட்டிக்கொள்வார்கள். ஆனால் போன தையில் கூரை போடும்போது அப்பாவோடு வந்திருந்தவளுக்கு ஏழு படியையும் சொல்லிக் கொடுத்தது திலகவதிதான். "எனக்கு எப்பவுமே மூணுதாங்க்கா, என்னைய உங்க கணக்குல சேக்காதீங்க" என்று சிரித்தவள், அதற்கப்புறம் வேலை இடத்தில் பார்க்கும்போதெல்லாம் விளையாட்டாக விரலைக் காட்டுவாள், மழை நாளில் ஒன்று, வெயிலில் மூன்று. அதுவா இது. எனக்குத்தான் தோன்றுகிறதா, எனக்குத் தோன்றுவதையெல்லாம் இப்போது நம்ப முடியுமா, சற்று முன்னால் மண்டபமே எரிகிறது என்று நினைத்தவள்தானே நான். எழுந்து போய்த் தப்பாக இருந்தால். ஆயிரம் பேருக்கு முன்னால் மண்டபம் கட்டினவள் மணவறையில் ஏறி வெக்கை என்று சொன்னால் ஆவுடையப்பன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார், அவளை இனி எவன் கூப்பிடுவான். எழுந்து போகாமல் சரியாக இருந்தால். அந்த மூன்று விரலும் மடங்கவில்லை. நடுங்கின. நடுங்கினவா, புகைக்குப் பின்னால் தெரிவதால் அப்படித் தெரிகிறதா. ரஞ்சனியின் உதடு வெளுத்திருந்தது. உதட்டுச் சாயத்துக்கு உள்ளேயும் அது தெரிந்தது.

திலகவதி எழுந்திருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, "எங்கம்மா போற, தாலி கட்டப்போற நேரம்" என்று பெரியம்மா சேலையைப் பிடித்தாள், பிடியை விடுவித்து, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் வரிசையிலிருந்து மணவறை இவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் தெரிந்ததில்லை. படி ஏறியதும் முகத்தில் அறைந்தது. அனல். இது அவளுடையது இல்லை, இதில் சந்தேகமே இல்லை, அவள் சூடு உள்ளே இருந்து வரும், இது வெளியே இருந்து வந்தது. "என்ன மேடம்" என்று பகவதி பதறினாள். "இங்க வெக்கை தாங்கலங்க, பிள்ளைக்கு முடியல, நான் இத யோசிக்காம விட்டுட்டேன்" என்று திலகவதி சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் சம்பந்தி காதில் விழுந்தது, அவர் முகம் திரும்பியது. அதைப் பார்க்க நேரமில்லை. ஓம குண்டத்துக்குப் பக்கத்தில் ஓலை விசிறி ஒன்று கிடந்தது, நெருப்புக்கு வீச ஐயர் வைத்திருந்தது. மணவறையிலேயே காற்று கிடைக்கிற ஆள் நெருப்பு ஒன்றுதான். கேட்காமல் எடுத்தாள். ஐயர் மந்திரத்தை விடாமல் கண்ணை மட்டும் உருட்டினார். பெண்ணுக்குப் பின்னால், நாத்தனார் விளக்கோடு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நெருப்பில் படாமல் பிடரியில் படுகிற மாதிரி, வீச ஆரம்பித்தாள்.

"ரஞ்சனி, எப்படி இருக்கு?" முதுகு அசையவில்லை. "பரவாயில்லக்கா" என்று வந்தது. பழக்கத்தில் வந்தது, செத்துக்கொண்டிருந்தாலும் அதுதான் வரும். "அதச் சொல்லாத, எத்தனைன்னு சொல்லு" என்றாள் திலகவதி காதருகே. "மூணு" என்றாள் ரஞ்சனி, குரல் உடைந்தது, "விரலக் காட்டிக்கிட்டே இருந்தேன், நீங்க பாக்கவே இல்ல." பார்த்தேன், பார்த்தும் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டே இன்னும் வேகமாக வீசினாள். பகவதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தலைப்பால் மறைத்துக் கொடுத்தாள், மாப்பிள்ளைப் பையன் முன்னால் பார்த்தபடியே தன் மாலையைக் கொஞ்சம் விலக்கி, அந்தக் காற்றில் பங்கு கிடைக்குமா என்று பெண் பக்கமாகச் சாய்ந்தான். திலகவதி கை மாற்றி வீசினாள். தோள் கடுத்தது. கீழே ஆயிரம் பேருக்கு மேல் பெரிய விசிறிகள் அவள் கணக்குப் போட்டுச் சொன்ன வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார், கையில் இருந்த விசிறியைப் பார்த்தார், அண்ணாந்து, மேலே நின்றுபோன விசிறியைப் பார்த்தார், புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. அதற்கெல்லாம் பிற்பாடு பதில் சொல்லிக்கொள்ளலாம். "இப்ப?" "ரெண்டு." ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார், கெட்டிமேளம் என்று கத்தினார், மேளம் பிளந்தது, அட்சதை அவள் தலையிலும் விசிறியிலும் விழுந்தது, அவள் நிறுத்தவில்லை. அதே நேரத்தில் அவள் நெஞ்சில் மறுபடி அந்தச் சூடு பற்றி, கழுத்தில் ஏறி, காதுக்கு வந்தது. ரஞ்சனி தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கட்டின தாலியோடு, "ஒண்ணு வந்துருச்சுக்கா, உங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவள் ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறாள், அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. "மூணு" என்று சொல்லிவிட்டு, திலகவதி தொடர்ந்து வீசினாள்.